பழைய ஆப்-ஆம்ப் ஐ.சி.யைக் கழற்றி கிடார் பெடல் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காயலாங்கடையில் எடைக்குப் போட்ட டேப் டெக், ஓடாத ஆம்ப்ளிஃபயர், பரணில் கிடக்கும் ஸ்டெபிலைசர் ஆகியவற்றின் போர்டுகளில் 30, 40 வருடப் பழைய ஆப்-ஆம்ப் ஐ.சி.கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அவற்றைக் கழற்றி ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன் பெடல்கள் (கிடார் சத்தத்தை வேண்டுமென்றே கரகரப்பாக்கும் பெட்டிகள்) செய்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரியும், மல்டிமீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

பெடலுக்குள் ஆப்-ஆம்ப் என்ன செய்கிறது?

கிடாரின் பிக்கப்பிலிருந்து வருவது சில நூறு மில்லி வோல்ட் சிக்னல்தான். ஆப்-ஆம்ப் அதை நூறு மடங்கு, இருநூறு மடங்கு பெருக்குகிறது. 9 வோல்ட் பேட்டரியில் அவ்வளவு பெரிய அலைக்கு இடமில்லை. அதனால் அலையின் தலையும் அடியும் வெட்டுப்படுகின்றன. வெட்டுவது பெரும்பாலும் இரண்டு டையோடுகள். எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் என்பதை வெளியே இருக்கும் ரெசிஸ்டர்கள் தீர்மானிக்கின்றன. அந்த அளவுக்குப் பெருக்க ஐ.சி.யால் முடிகிறதா என்பது வேறு கேள்வி. இந்தப் பக்கம் முழுக்க அதைப் பற்றித்தான்.

பழைய ஐ.சி. போட்டால் உண்மையிலேயே சத்தம் மாறுமா?

சில பெடல்களில் நன்றாகவே மாறும். சிலவற்றில் காதை எவ்வளவு தீட்டிக்கொண்டு கேட்டாலும் தெரியாது. எதில் மாறும் என்பதைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம்.

ஒவ்வொரு ஆப்-ஆம்புக்கும் ஒரு வேக வரம்பு உண்டு. 741-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1968-இல் ஃபேர்சைல்ட் நிறுவனத்தில் டேவ் ஃபுல்லகர் வடிவமைத்தது. இதில் கெயினையும் (எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பதையும்) அலைவரிசையையும் பெருக்கினால் சுமார் 10 லட்சம் ஹெர்ட்ஸ் வரும், அதற்கு மேல் போகாது. எம்எக்ஸ்ஆர் டிஸ்டார்ஷன் பிளஸ் பெடலில் இருப்பது இந்த 741தான். அந்த சர்க்யூட்டில் ஃபீட்பேக் ரெசிஸ்டர் 1 மெகா ஓம், தரைக்குப் போகும் பக்கம் 4.7 கிலோ ஓம். குமிழை முழுக்கத் திருப்பினால் கெயின் சுமார் 213. பத்து லட்சத்தை 213-ஆல் வகுத்தால் 4,700 ஹெர்ட்ஸ். அதற்கு மேலே உள்ள டிரெபிளைக் கேட்ட அளவுக்குப் பெருக்க 741-ஆல் முடியாது. சத்தத்தின் கூர்மை தானாகவே மழுங்குகிறது. அதே சாக்கெட்டில் மூன்று மடங்கு வரம்பு உள்ள டிஎல்071 போட்டால் எல்லை 14,000 ஹெர்ட்ஸ் வரை போய்விடும். டிரெபிள் முழுக்க வந்து டையோடில் வெட்டுப்படும், சத்தத்தில் ஒரு கரகரப்பு ஏறும். இந்த வித்தியாசம் காதுக்குத் தெரியும்.

ராட் (RAT) பெடலில் இந்த வித்தியாசம் இன்னும் அதிகம். அமெரிக்காவின் கலமசூவில் ப்ரோகோ நிறுவனம் 1978-இல் உருவாக்கிய பெடல் அது. அதில் ஃபீட்பேக் 100 கிலோ ஓம். தரைப் பக்கம் 47 ஓம் ஒரு கிளை, 560 ஓம் இன்னொரு கிளை, இரண்டிலும் தனித்தனி கெப்பாசிட்டர். காகிதத்தில் கெயின் 2,300-ஐத் தொடும். 2,000 ஹெர்ட்ஸில் அந்த சர்க்யூட் ஆயிரத்துக்கு மேல் கெயின் கேட்கிறது. பத்து லட்சம் ஹெர்ட்ஸ் வரம்பு உள்ள ஐ.சி. அங்கே அதிகபட்சம் 500 கொடுக்கும். 5,000 ஹெர்ட்ஸில் 200. ராட்டில் இருந்த எல்எம்308 அந்த அளவைக்கூடப் பல நேரம் எட்டாது. அதோடு அதன் ஸ்லூ ரேட், அதாவது வெளியீடு ஏறி இறங்கும் வேகம், மைக்ரோ வினாடிக்கு சுமார் 0.3 வோல்ட். 6 வோல்ட் ஏறுவதற்கு 20 மைக்ரோ வினாடி ஆகிறது. வெட்டுப்பட்ட அலையின் செங்குத்துச் சுவர் சரிவாகிவிடும். ராட் பெடலின் தடித்த உறுமலில் பாதி இந்த ஐ.சி.யின் இயலாமையிலிருந்து வருகிறது. எனக்கு அந்தச் சத்தம் உயிர்.

இப்போது ஐபனீஸ் நிறுவனத்தின் ட்யூப் ஸ்க்ரீமர் பெடலுக்கு வாருங்கள். அதில் இருப்பது 4558 என்ற ஐ.சி. அதிகபட்ச கெயின் 118. 4558-இன் வரம்பு சுமார் 30 லட்சம் ஹெர்ட்ஸ். வகுத்தால் 25,000. ஐ.சி.க்கு இது சிரமமே இல்லாத வேலை. அதற்கு முன்பே ஃபீட்பேக்கில் இருக்கும் 51 பிகோ ஃபாரட் கெப்பாசிட்டர், குமிழ் முழுக்கத் திருப்பிய நிலையில், 5,700 ஹெர்ட்ஸ் பக்கத்திலேயே டிரெபிளை வெட்டத் தொடங்கிவிடுகிறது. அதாவது ஐ.சி.யின் எல்லையை சிக்னல் தொடுவதே இல்லை. அங்கே பழைய 4558-க்கும் புது 4558-க்கும் நான் வித்தியாசம் கேட்டதில்லை. என் நண்பர் ஒருவரைக் கண்ணைக் கட்டி உட்கார வைத்து மாற்றி மாற்றிப் போட்டோம். அவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அப்படியென்றால் ஜேஆர்சி நிறுவனத்தின் 4558-க்கு ஏன் இவ்வளவு பெயர்?

ட்யூப் ஸ்க்ரீமர் வகைகளான, 1979-இல் வந்த ஐபனீஸ் டிஎஸ்808-இலும் 1982-இல் வந்த டிஎஸ்9-இலும் அது இருந்தது என்பதால்தான். பிரபலமான கிடார்காரர்கள் அந்தப் பெடல்களை வாசித்தார்கள். பிறகு வந்த பெடல்களில் வேறு ஐ.சி. இருந்தது. பெடலைத் திறந்து பார்த்தவர்கள் கண்ணில் முதலில் பட்டது ஐ.சி.யின் மேல் இருந்த எழுத்து. ஆனால் 808-க்கும் 9-க்கும் இடையில் வெளியீட்டுப் பக்கம் இரண்டு ரெசிஸ்டர்கள் மாறியிருந்தன. 100 ஓம் இருந்த இடத்தில் 470 ஓம், 10 கிலோ ஓம் இருந்த இடத்தில் 100 கிலோ ஓம். அது யார் கண்ணிலும் படவில்லை.

4558 நல்ல ஐ.சி., அதில் சந்தேகமில்லை. ஒன்பது வோல்ட்டில் ஒழுங்காக வேலை செய்யும், இரைச்சல் குறைவு, எளிதில் சாகாது. பழைய டெக்கிலிருந்து சும்மா கிடைத்தால் சந்தோஷமாகப் போடுங்கள். ஆனால் ஒரே ஒரு பழைய ஐ.சி.க்கு ஆயிரக்கணக்கில் பணம் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தில் இன்னொரு பெடலே செய்துவிடலாம்.

எந்தப் பொருளைத் திறந்தால் எது கிடைக்கும்?

ஜப்பானிய ஸ்டீரியோ, கேசட் டெக், ஈக்வலைசர், கரோக்கே பெட்டி: 4558-உம் அதன் உறவுகளும். டோன் கண்ட்ரோல் போர்டில், குமிழ்களுக்குப் பக்கத்தில் தேடுங்கள். எட்டுக் கால் கறுப்பு ஐ.சி.யாகவும் இருக்கும், ஒரே வரிசையில் கால்கள் கொண்டு நிமிர்ந்து நிற்கும் வகையாகவும் இருக்கும். நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து ஒதுக்கிவிட வேண்டாம். 1978-இல் வந்த முதல் பாஸ் டிஎஸ்-1 பெடலிலேயே தோஷிபாவின் டிஏ7136 என்ற ஒற்றை வரிசை ஐ.சி.தான் இருந்தது.

பழைய ஸ்டெபிலைசர், யூபிஎஸ், பேட்டரி சார்ஜர்: 741, எல்எம்324, எல்எம்358. இவற்றில் 741-ஐ மட்டும் முதலில் எடுத்து வையுங்கள்.

கல்லூரி ஆய்வகங்கள் கழித்துக்கட்டிய அளவுக் கருவிகள்: இவைதான் புதையல். உலோகத் தொப்பி போட்ட 741, எல்எம்301, அதிர்ஷ்டம் இருந்தால் எல்எம்308. சென்னை ரிச்சி தெருவிலும் பழைய போர்டுகளைக் கிளறினால் சில சமயம் இவை கையில் படும்.

திறக்கும்போது ஷாக் அடிக்குமா?

அடிக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். ஸ்விட்ச் மோடு பவர் சப்ளை உள்ள எதிலும் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை டிசி தங்கியிருக்கும். 230 வோல்ட் ஏசியைத் திருத்தினால் வரும் உச்ச அளவு அது. மல்டிமீட்டரை டிசியில் வைத்து அளந்து பாருங்கள். வோல்டேஜ் இருந்தால் ஒரு சில கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இடுக்கியில் பிடித்து இறக்குங்கள், மறுபடி அளங்கள். பழைய பிக்சர் ட்யூப் டிவியைத் தொடவே வேண்டாம். அதில் நமக்கு வேண்டியது எதுவும் இல்லை.

ஐ.சி.யைச் சாகடிக்காமல் எப்படிக் கழற்றுவது?

பழைய ஈயம் காய்ந்து ஆக்சைடு படிந்திருக்கும், சீக்கிரம் உருகாது. அதனால் உறிஞ்சுவதற்கு முன்பு ஒவ்வொரு காலிலும் கொஞ்சம் புது ஈயம் வையுங்கள். சேர்ப்பதற்குப் பதில் எடுக்கத்தானே வந்தோம் என்று தோன்றும். ஆனால் புது ஈயத்தில் இருக்கும் ஃபிளக்ஸ்தான் பழையதை இளக்குகிறது. பிறகு ஈயம் உறிஞ்சும் பம்ப்பை வைத்து ஒரே இழுப்பு.

ஒரு காலில் மூன்று வினாடிக்கு மேல் அயர்னை வைக்காதீர்கள். ஒரு மூலைக் காலை எடுத்ததும் எதிர் மூலைக்குப் போங்கள், நடுவில் ஆற விடுங்கள். எட்டுக் கால்களிலும் ஈயத்தை உறிஞ்சிய பிறகு இடுக்கியின் முனையால் ஒவ்வொன்றையும் பக்கவாட்டில் லேசாக ஆட்டினால் ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். அப்படியென்றால் அந்தக் கால் விடுபட்டுவிட்டது. எட்டிலும் கேட்ட பிறகுதான் தூக்க வேண்டும். ஏழில் கேட்டுவிட்டு அவசரப்பட்டு நெம்பினால் எட்டாவது கால் முறியும். அந்த வேதனை எனக்குத் தெரியும். ஒரு உலோகத் தொப்பி 301 அப்படித்தான் போனது.

போர்டு வேண்டாம் என்றால் இன்னும் எளிது. ஐ.சி.யைச் சுற்றிப் போர்டையே வெட்டி எடுத்துவிட்டுப் பிறகு நிதானமாகக் கழற்றலாம். ஜன்னல் பக்கம் உட்காருங்கள். பழைய ஈயத்தில் உண்மையிலேயே ஈயம் இருக்கிறது. வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் டீ.

கால்கள் கறுத்துக் கிடக்கின்றன. கெட்டுப் போனதா?

இல்லை. அந்தக் காலத்தில் பல ஐ.சி.களின் கால்களுக்கு வெள்ளி முலாம் பூசினார்கள். வெள்ளிக் கொலுசு கறுப்பது போலத்தான் இதுவும். பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்தால் போகும். ரொம்ப வளைக்க வேண்டாம், பழைய கால்கள் இரண்டு மூன்று தடவை வளைத்தாலே ஒடியும்.

உயிர் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பிரெட்போர்டில் ஐந்து நிமிட வேலை. 741-ஐ வைத்துச் சொல்கிறேன். மேலிருந்து பார்க்கும்போது புள்ளி அல்லது பள்ளம் இருக்கும் பக்கத்தில் இடது மூலை 1. அங்கிருந்து கடிகாரத்துக்கு எதிர்ச் சுற்றாக எண்ணுங்கள். 7-ஆம் காலுக்கு 9 வோல்ட், 4-ஆம் காலுக்குத் தரை. 10 கிலோ ஓம் பாட் (திருகினால் அளவு மாறும் ரெசிஸ்டர்) ஒன்றின் இரு முனைகளை 9 வோல்ட்டுக்கும் தரைக்கும் கொடுத்து, நடு முனையை 3-ஆம் காலுக்குக் கொடுங்கள். 2-ஐயும் 6-ஐயும் ஒரு வயரால் இணையுங்கள். இப்போது 3-இல் என்ன வோல்டேஜ் வைக்கிறோமோ அதுவே 6-இல் வர வேண்டும்.

பாட்டை நடுவில் வைத்து 4.5 வோல்ட் வருகிறதா பாருங்கள். பிறகு 3 வோல்ட்டுக்கு இறக்குங்கள், 6 வோல்ட்டுக்கு ஏற்றுங்கள். கூடவே வந்தால் ஐ.சி. நலம். இரண்டு ஓரங்களிலும் கடைசி ஒன்றரை, இரண்டு வோல்ட்டுக்குள் வெளியீடு போகாது. அது நோய் இல்லை, 741-இன் சுபாவம். வெளியீடு மேலேயோ கீழேயோ ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்தால் போய்விட்டது. விரல் வைத்துப் பாருங்கள், சுட்டால் உடனே வயரைப் பிடுங்குங்கள்.

உலோகத் தொப்பி என்றால் ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் நாக்கு 8-ஆம் காலைக் காட்டும். இன்னொன்று, 741-இல் அந்தத் தொப்பியே 4-ஆம் காலோடு இணைந்தது. பக்கத்து வயரில் பட விடாதீர்கள்.

4558 போன்ற இரட்டை ஐ.சி.யில் 8-க்கு 9 வோல்ட், 4-க்குத் தரை. உள்ளே இரண்டு ஆப்-ஆம்ப் இருக்கின்றன: 1, 2, 3 ஒன்று; 5, 6, 7 மற்றொன்று. 1-உம் 7-உம் வெளியீடுகள். இரண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

சோதனையில் தேறிய ஐ.சி. பெடலில் போட்டதும் பொரிகிறதே?

சோளப்பொரி வெடிப்பது போலச் சீரில்லாமல் ஒரு சத்தம் வரும். சிலிக்கானில் இருக்கும் குறைகளும் மாசும்தான் காரணம். ஆரம்ப காலத்துத் தயாரிப்புகளில் இது சகஜம். சரிசெய்ய வழியில்லை. வோல்ட்மீட்டரில் இது தெரியாது, கேட்டால்தான் தெரியும். அதனால்தான் எப்போதும் சாக்கெட் வைத்து பெடல் செய்யுங்கள் என்கிறேன். ஐ.சி.யை நேரடியாக போர்டில் ஈயம் வைத்து ஒட்டிவிட்டு, பிறகு பொரிச் சத்தம் கேட்டால் மறுபடி பம்ப்பை எடுக்க வேண்டியதுதான். பொரியும் ஐ.சி.க்குத் தலையில் வெள்ளைப் புள்ளி வைத்துத் தனி டப்பாவில் போட்டுவிடுகிறேன்.

எல்எம்308 என்று வாங்கினேன். அசல்தானா?

இந்த ஐ.சி.யில் போலி அதிகம். வேறு ஏதோ ஒன்றின் முகத்தைச் சுரண்டிவிட்டுப் புது எழுத்து அடித்துவிடுகிறார்கள். இணையத்தில் நான் ஐந்து வாங்கினேன். எழுத்து பளிச்சென்று இருந்தது, கால்கள் புத்தம் புதிதாக மின்னின. சந்தேகம் வந்து மின்னோட்டத்தை அளந்தேன்.

இது எல்லோரும் செய்யக்கூடிய சோதனை. மேலே சொன்ன சோதனை சர்க்யூட்டில் ஒரு மாற்றம்: 1-ஆம் காலுக்கும் 8-ஆம் காலுக்கும் இடையே 30 பிகோ ஃபாரட் கெப்பாசிட்டர் வையுங்கள். 308-க்கு அது வெளியில் வேண்டும், இல்லையென்றால் ஊளையிடும். 741-இல் அந்தக் கெப்பாசிட்டரை ஐ.சி.க்குள்ளேயே செய்துவிட்டார்கள். பிறகு 9 வோல்ட்டிலிருந்து 7-ஆம் காலுக்குப் போகும் வயரைப் பிரித்து, நடுவில் மீட்டரை மில்லி ஆம்பியரில் வையுங்கள். அசல் 308 சுமார் 0.3 மில்லி ஆம்பியர்தான் குடிக்கும். 741 ஒரு மில்லி ஆம்பியரைத் தாண்டும்.

என் ஐந்தும் ஒன்றைத் தாண்டின. அசிட்டோனில் நனைத்த பஞ்சால் தேய்த்ததும் எழுத்து அப்படியே பஞ்சுக்கு வந்துவிட்டது. பிறகு ஒரு பழைய ஆய்வகக் கருவியிலிருந்து மங்கிய எழுத்தோடு ஒரு 308 கிடைத்தது. மீட்டரில் 0.28 என்று நின்றதைப் பார்த்தபோது கிடைத்த சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல வரவில்லை.

308 கிடைக்கவே இல்லையென்றால் ஓபி07 போடுங்கள். ப்ரோகோவே பின்னாளில் அதற்குத்தான் மாறியது. அதன் ஸ்லூ ரேட்டும் அதே 0.3 பக்கம்தான், கால்களும் பொருந்தும். அந்த 30 பிகோ ஃபாரட் மட்டும் தேவைப்படாது.

ஐ.சி. எந்த வருடத்தது?

பல அமெரிக்க ஐ.சி.களின் தலையில் நான்கு இலக்கம் தனியாக இருக்கும். 7832 என்றால் 1978-ஆம் வருடம், 32-ஆம் வாரம். ஐ.சி.யின் எண்ணோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நான் பிறப்பதற்கு முன்பே செய்த ஒன்று என் பெடலில் பாடுகிறது என்பதில் ஒரு தனிப் பிரியம், அவ்வளவுதான்.

4558 இடத்தில் கையில் இருக்கும் எதையும் செருகலாமா?

கால் வரிசை ஒத்துப்போகும் இரட்டை ஐ.சி.கள் நிறைய: 1458, டிஎல்072, என்இ5532, எல்எம்358. செருகினால் வேலை செய்யும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு.

என்இ5532 மிக அமைதியானது. ஆனால் உள்ளீட்டுக் காலில் சுமார் 200 நானோ ஆம்பியர் இழுக்கும். பழைய பெடல்களில் 1 மெகா ஓம் பயாஸ் ரெசிஸ்டர் (உள்ளீட்டை நடு வோல்டேஜில் நிறுத்துவது) இருந்தால், அங்கேயே 0.2 வோல்ட் நகர்ந்துவிடும். மின்னோட்டமும் சுமார் 8 மில்லி ஆம்பியர், பேட்டரி சீக்கிரம் தீரும். டிஎல்072-க்கு உள்ளீட்டு மின்னோட்டம் கிட்டத்தட்ட பூஜ்யம். ஆனால் உள்ளீடு தரைப் பக்கம் மிக அருகில் போனால் வெளியீடு தலைகீழாகப் புரளும். பலமாக அடித்து வாசிக்கும்போது சத்தம் திடீரென்று கிழியும். எல்எம்358-இல் அலை நடுக்கோட்டைத் தாண்டும் இடத்தில் ஒரு நெளிசல் வரும், மெல்ல வாசித்தால் கரகரக்கும். வெளியீட்டிலிருந்து தரைக்கு ஒரு சில கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்தால் பெருமளவு அடங்கிவிடும்.

1458 என்பது உள்ளே இரண்டு 741. அதை யாரும் மதிப்பதில்லை, சும்மா கிடைக்கும். எனக்குப் பிடித்தது.

அதே போர்டிலிருந்து வேறு எதை எடுக்கலாம்?

பாலியெஸ்டர் கெப்பாசிட்டர், பாட், ஸ்விட்ச், ஜாக் எல்லாம் எடுக்கலாம். எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரை மட்டும் எடுக்காதீர்கள். ஐ.சி. வருடக்கணக்கில் அப்படியே இருக்கும், அவை உள்ளே காய்ந்துவிடும். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ கிடைத்தால் டிடெக்டர் பகுதியில் கண்ணாடி உடம்போடு ஒரு ஜெர்மானியம் டையோடு இருக்கும். அதை விடாதீர்கள்.

முதலில் எந்தப் பெடல் செய்யலாம்?

ஒரே ஒரு 741 போதும்: டிஸ்டார்ஷன் பிளஸ் வகை. உள்ளே வரும் சிக்னல் 0.01 மைக்ரோ ஃபாரட், 10 கிலோ ஓம் வழியாக 3-ஆம் காலுக்கு. இரண்டு 1 மெகா ஓம் ரெசிஸ்டரால் 9 வோல்ட்டைப் பாதியாக்கி, அங்கிருந்து இன்னொரு 1 மெகா ஓம் வழியாக அதே 3-ஆம் காலுக்கு. 6-லிருந்து 2-க்கு 1 மெகா ஓம். 2-லிருந்து 0.047 மைக்ரோ ஃபாரட், 4.7 கிலோ ஓம், 500 கிலோ ஓம் பாட் மூன்றும் வரிசையாகத் தரைக்கு. 6-லிருந்து 1 மைக்ரோ ஃபாரட், 10 கிலோ ஓம். அங்கிருந்து தரைக்கு எதிரெதிராக இரண்டு டையோடு, கூடவே 0.001 மைக்ரோ ஃபாரட். கடைசியில் வால்யூம் பாட்.

டையோடுக்கும் சாக்கெட் வையுங்கள். ஜெர்மானியம் 0.3 வோல்ட் பக்கம் வெட்டும், மென்மையாக இருக்கும், சத்தம் குறையும். 1என்4148 போன்ற சிலிக்கான் 0.6-இல் வெட்டும், கடினமாக, உரக்க வரும். அப்புறம் 741-ஐ எடுத்துவிட்டு டிஎல்071 செருகுங்கள். டிரைவ் குமிழ் பாதியில் இருக்கும்போது இரண்டையும் பிரிக்கவே முடியாது. முழுக்கத் திருப்பி, முதல் தந்தியைப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி அடித்துப் பாருங்கள்.